வகுப்பறைக்குள் ஒரு மருந்துக்கடை

திருச்செங்கோடு பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். அன்று மேசைகளைச் சுவரோரம் தள்ளி, வகுப்பையே மருந்துக்கடையாக்கி மாணவர்களை நடிக்கவிட்டேன். கடைக்காரனாக நின்றவன், "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று மட்டும் சொல்லி மூச்சிரைப்புக்கான கேப்சூலைக் கொடுத்தான். கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய மருந்து அது. நோயாளியாக நடித்த, எடப்பாடியிலிருந்து வரும் மாணவி அதை விழுங்குவதுபோல் தண்ணீர் குடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"இது காலேஜா, நாடகக் கொட்டாயா?" என்றார் வாசலில் நின்ற முதல்வர்.

அவள் திரும்பினாள். "தறியில பறக்குற பஞ்சுல எங்கம்மாவுக்கு இழுப்புங்க சார். இப்படித்தான் முழுங்கிட்டிருந்தாங்க. மருந்து குடுத்தவங்க ஒருத்தருமே சொல்லலைங்க."

சிரிப்பு அடங்கியது. முதல்வர் மட்டும், "சிலபஸை முடிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

முடிப்பேன். ஆனால் நோயாளியிடம் பேசத் தெரியாத யாருக்கும் என் கையால் மதிப்பெண் கிடையாது. மறுநாளும் மேசைகளைச் சுவரோரம் தள்ளினேன். கதவைத் திறந்தே வைத்தேன், அவர் பார்க்கட்டும்.