இரண்டு கையெழுத்துக்கு நடுவில் ஒரு வீடு

வீடு வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இருவருக்கும் விளங்காததைத் தமிழிலும் இத்தாலிய மொழியிலும் சொல்வது என் தொழில். காலையில் லிபெர்த்தாத் தெருவில் ஒரு வீட்டில் சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறேன்; பின்னேரம் மொழிபெயர்ப்பு. பாலெர்மோவில் வீடு வாங்கிய, வாங்கத் தவிக்கிற தமிழர்களே, உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மிச்சப் பேர் தப்பிவிட்டீர்கள்.

ஊரில் உறுதிப் பத்திரம் முடித்தால் வீடு நம்முடையது. ஒரே நாள், ஒரே கையெழுத்து. இங்கே இரண்டு. முதலாவது கொம்ப்ரொமெஸ்ஸோ: முற்பணம் கொடுத்து, நான் வாங்குவேன், நீ விற்பாய் என்று எழுதிக்கொள்வது. இரண்டாவது ரோஜித்தோ: மாதங்கள் கழித்து நொத்தாரிசு என்ற பத்திர அதிகாரிக்கு முன்னால் உறுதி முடித்துத் திறப்பு, அதாவது சாவி, வாங்குவது. நடுவில் அந்த வீடு யாருடையது என்று பதினெட்டு வருடமாக என்னைக் கேட்கிறார்கள். நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் குழம்புகிறேன். போன வருடம் குகனும் மனைவி சாந்தியும் அல்பெர்கேரியாப் பகுதியில் வீடு வாங்கினார்கள். அந்தக் கதையைக் கேட்டால் உங்களுக்கும் விளங்கும், அல்லது இருந்த விளக்கமும் போய்விடும்.

பேனையைத் தொடாத மனிதர்

முதல் கையெழுத்து, ஜனவரிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தரகர் அலுவலகத்தில் பதினொன்றரைக்கு; அன்று இஸ்திரிக்கு லீவு. விற்கிறவர் சிஞ்ஞோரா (இங்கே பெண்களை மரியாதையாக அழைப்பது இப்படித்தான்) கொன்செத்தா, எழுபது தாண்டிய விதவை. எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் குகன் என் காதுக்குள் சொன்னார், "அக்கா, இப்ப ராகுகாலம்." எப்போது முடியும் என்று கேட்டேன். ஊர் நாட்காட்டியின்படி பன்னிரண்டுக்கு என்றாள் சாந்தி. இங்கத்தைய சூரிய உதயத்தை வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு இருபதுக்கு என்றது குகனின் கைபேசி. இரண்டு பேரும் அங்கேயே தர்க்கப்பட்டு, பாதுகாப்பாகப் பிந்தியதையே எடுத்துக்கொண்டார்கள்.

அதுவரைக்கும் இழுக்க வேண்டியது நான். மூன்றாம் பிரிவை மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன். ஒரு வரி இத்தாலிய மொழிக்கு ஐந்து நிமிடம் தமிழ் பேசினேன். நடுவில் அன்றைய மரக்கறி விலையும் சொன்னேன். குகன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பேனையைப் பார்த்தபடி இருந்தார். கடைசியில் சிஞ்ஞோரா என்னிடம் கேட்டார், "இந்த மனிதர் வீடு வாங்க வந்தாரா, வீட்டைப் பற்றி யோசிக்க வந்தாரா?"

ஐயரின் சந்தேகம்

அடுத்த நாள் குகன் ஊரிலுள்ள ஐயருக்கு அழைப்பெடுத்து, நல்ல நேரத்தில் கையெழுத்து வைத்த பெருமையைச் சொன்னார். திறப்புத் தந்துவிட்டார்களா என்று ஐயர் கேட்டார். இல்லை. உறுதி கையில் இருக்கிறதா? இல்லை. விற்ற மனுசி எங்கே? அந்த வீட்டில்தான். ஐயருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். விளங்கப்படுத்தச் சொல்லிக் கைபேசியை என்னிடம் தந்தார்கள். நான் விளங்கப்படுத்தினேன். பிறகு அவர் சொன்னார், "பிள்ளை, முதலிலை வீடு எப்ப வாங்கிறியள் எண்டு நீங்கள் முடிவெடுங்கோ, நல்ல நாளை நான் எடுத்துத் தாறன்."

நான் சொன்ன ஓம்

இப்போது சொல்லப்போவது என் பிழை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வாடகை வீட்டை விடுவதென்றால் ஆறு மாதத்துக்கு முன்னரே எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஜூன் முடிவுக்குள் உறுதி என்று இருந்தது. முதல் கையெழுத்தான மூன்றாம் நாள், ஜனவரி முடியுமுன், நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது குகன் அழைத்தார். "அக்கா, வீட்டுக்காரருக்குக் கடிதம் குடுக்கட்டோ? ஜூலை முடிய விடுறம் எண்டு." ஒரு கையில் இஸ்திரிப்பெட்டி, மறு கையில் வேலை வீட்டுச் சிஞ்ஞோரின் வெள்ளைச் சட்டை. ஓம், ஓம், குடுங்கோ என்றேன். ஒரு மாதம் இடைவெளி இருக்கிறதுதானே என்று நினைத்தேன். அவ்வளவும்கூட நினைத்தேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரர் கடிதத்தை வாங்கிய கையோடு ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து வேறு ஆட்களுக்கு வீட்டைப் பேசிவிட்டார். ஏன் யோசிக்காமல் கொடுத்தீர்கள் என்று நான் பயந்துபோய்க் கேட்டதற்குக் குகன் சொன்னார், "நீங்கள் ஓம் எண்டதாலைதான் அக்கா நான் பிறகு யோசிக்கேல்லை."

இடம் மாறிய குளியலறை

ஜூன் மாதம் வங்கி அனுப்பிய ஆள் வீட்டை அளக்க வந்தார். வரைபடத்தில் குளியலறை பல்கனிப் பக்கம் இருந்தது. உண்மையில் அது படிக்கட்டுப் பக்கம் இருந்தது. அவர் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். வரைபடத்தைத் திருத்திப் பதியாமல் கடன் இல்லை. கடன் இல்லாமல் உறுதி இல்லை. சிஞ்ஞோரா கொஞ்சமும் கலங்கவில்லை. "என் கணவர் குளியலறையை மாற்றியது முப்பது வருடத்துக்கு முன்," என்றார். "அரசாங்கம் வந்து கேட்டிருந்தால் காட்டியிருப்போமே."

ஓகஸ்ட்

திருத்தின வரைபடம் ஜூலைக் கடைசிக் கிழமைதான் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நொத்தாரிசு அலுவலகத்துக்கு ஓடினேன். செப்டெம்பர் நடுப்பகுதிக்கு முன் நேரமில்லை என்றாள் செயலாளர். இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒரு குடும்பம் இந்த மாத முடிவில் தெருவுக்கு வரப்போகிறது என்றேன். அவள் கெட்டவள் இல்லை, எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னாள், "சிஞ்ஞோரா, ஓகஸ்டில் பாலெர்மோவில் பிறக்கலாம், சாகலாம், ஆனால் வீடு வாங்க முடியாது."

நான் சேர்த்த வசனம்

அல்பெர்கேரியாச் சந்துக்குள் மூன்று மாடி ஏறி, சிஞ்ஞோராவின் சமையலறையில் உட்கார்ந்தோம். தரகரும் வந்திருந்தார். குகன் சொல்லச் சொன்னது ஒன்றே ஒன்று: உறுதிக்கு செப்டெம்பர் என்றால் அவர்களுக்குச் சம்மதம். அதை மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கிறவள் சொந்தமாக எதுவும் சொல்லக் கூடாது. இந்தத் தொழிலில் அது முதல் பாடம். ஆனால் சாந்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போனது: ஜூலை முப்பத்தொன்றுக்குப் பிறகு இவர்களுக்கு இருக்க இடமில்லை, பிழை என்னுடையது, ஏதாவது செய்யுங்கள்.

சிஞ்ஞோரா கொஞ்சம் யோசித்தார். ஓகஸ்டில் தான் தங்கையோடு கடற்கரை வீட்டில் இருப்பதாகவும், அங்கிருந்து அப்படியே மகளிடம் போய்விடுவதாகவும், வீடு சும்மாதான் கிடக்கும் என்றும் சொன்னார். தரகர் எழும்பிவிட்டார். உறுதிக்கு முன் திறப்பா? கடன் வராமல் போனால் இவர்களை யார் வெளியே அனுப்புவது? அவர் கேட்டதெல்லாம் நியாயம்; ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னேன், குகன் வியர்த்துப்போனார். சிஞ்ஞோரா சாமான் மேசையின் இழுப்பு லாச்சியைத் திறந்து திறப்பை எடுத்தார். "நான் அனுப்புவேன், என் வீடுதானே," என்றார்.

பிளேன் ரீ

ஓகஸ்ட் நடுவில் அவர்களைப் பார்க்கப் போனேன். பால் விடாத வெறும் தேத்தண்ணி தந்தார்கள். அடுத்த முறையும் அதுதான். பிள்ளைகள் குளிர்ந்த பாலில் பாண் துண்டுகளைத் தோய்த்துச் சாப்பிட்டார்கள். விசாரித்தால், அந்த வீட்டில் சாந்தி இன்னும் பால் காய்ச்சவில்லை. சோறு, கறி, புட்டு எல்லாம் அந்த அடுப்பில் ஆகின. பால் மட்டும் ஏறவில்லை. பால் தேத்தண்ணி இல்லாமல் குகனுக்கு முகம் கறுத்துப்போயிருந்தது. சோறு காய்ச்சலாம், பால் காய்ச்சக் கூடாதா என்று அவர் எனக்கு முன்னாலேயே கேட்டார். சாந்தி திரும்பியும் பார்க்காமல் சொன்னாள், "சோறு பசிக்கு. பால் வீட்டுக்கு. வீடு இன்னும் சிஞ்ஞோரான்ரை."

திறப்பு எங்கே?

செப்டெம்பரில் நொத்தாரிசு உறுதியை முழுதாக வாசித்தார், நான் முழுதாக மொழிபெயர்த்தேன், எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். இனித் திறப்பை ஒப்படையுங்கள் என்றார் நொத்தாரிசு. சிஞ்ஞோரா குகனைப் பார்த்தார். குகன் என்னைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து திறப்பை எடுத்து, மேசைக்கு மேலால் சிஞ்ஞோராவிடம் நீட்டினார், அவர் திருப்பித் தரட்டும் என்று. நொத்தாரிசு ஒன்றும் காணாததுபோல் கண்ணாடியைத் துடைத்தார்.

சிஞ்ஞோரா வாங்கினார், ஆனால் திருப்பித் தரவில்லை. திறப்பை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை மாதமாக அந்த வீடு யாருடையது என்று எங்களுக்குத்தான் குழப்பம் என்று நினைத்திருந்தேன். சாந்தி எனக்காகக் காத்திருக்கவில்லை. எழும்பிப் போய் அவருடைய கையை, திறப்போடு சேர்த்துப் பிடித்தாள். தான் வேலைசெய்த வீடுகளில் பொறுக்கிய இத்தாலிய மொழியில் சொன்னாள், "வாங்கோ சிஞ்ஞோரா, வீட்டை போவம்."

யாருடைய வீட்டுக்கு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பதினெட்டு வருடத்தில் நான் மொழிபெயர்க்காமலே எல்லோருக்கும் விளங்கிய ஒரே வசனம், என் பிழைப்புக்கே ஆபத்தான வசனம், அதுதான்.