ஈஸ்வரியின் வெயில் பூச்சு

சிலமலை ஊரில் ஈஸ்வரியின் முகத்தைப் பற்றிப் பேசாத பெண்கள் கிடையாது. வயது நாற்பத்தாறு. இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. இருந்தும் கன்னத்தில் ஒரு மங்கு உண்டா, கழுத்தில் ஒரு கருப்பு உண்டா? அவள் வயதுக்காரிகளெல்லாம் வெங்காயக் காட்டில் குனிந்து குனிந்து அடுப்புச் சட்டியாகக் கறுத்துக் கிடந்தார்கள். வயிற்றெரிச்சல் இருக்கத்தானே செய்யும்.

காரணம் கேட்டால் ஈஸ்வரி ஒளிக்க மாட்டாள். கேட்காவிட்டாலும் சொல்வாள். கற்றாழைச் சோறு, கஸ்தூரி மஞ்சள், அரிசி களைந்த தண்ணீர், கடைசியாக அரை மூடி எலுமிச்சை. மைபோல அரைத்து, காலையில் வேலைக்கு ஏற்றிப்போகும் ஜீப்பு வருவதற்குள் முகத்திலும் கையிலும் அப்பிக்கொள்வாள்.

"கடையில விக்கிற கிரீமெல்லாம் கெமிக்கலுடி. இது இயற்கை. இதப் போட்டா சூரியன் நம்ம பக்கமே திரும்பிப் பாக்காது" என்பாள்.

சூரியன் திரும்பிப் பார்க்காதது நிஜம்தான். இருபது வருஷமாக அந்த ஜீப்பு அவளைப் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுகிறது. வெயில் பட்டால் ஏலச்செடி கருகிப்போகும் என்பதால், வானமே தெரியாத அளவுக்கு அங்கே மரங்களை வளர்த்து வைத்திருக்கிறார்கள். முதலாளி செடிக்குக் கொடுத்த நிழல், கேட்காமலே ஈஸ்வரி முகத்துக்கும் கிடைத்தது. இதை அவளும் யோசிக்கவில்லை, ஊரும் யோசிக்கவில்லை. பேரெல்லாம் பூச்சுக்கே போய்ச் சேர்ந்தது.

எதிர்வீட்டு சிவரஞ்சனிக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் தேவாரம். வைகாசி வெயிலில் வெங்காயக் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண், ஒரு நாள் ஈஸ்வரியிடம் வந்து நின்றாள்.

"அத்தே, இப்பிடியே போனா கல்யாணப் போட்டோவுல பல்லு மட்டுந்தான் தெரியும்."

"நான் எதுக்குடி இருக்கேன்?" என்றாள் ஈஸ்வரி. காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேலே அண்ணன் தம்பியின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டு கட்டிக்கொள்வது வழக்கம். சிவரஞ்சனியும் அப்படித்தான் நின்றாள். "இந்தக் கோலத்துல போனா கல்யாணப் பொண்ணுன்னு யாரு சொல்லுவா? சட்டையும் துண்டும் இனி எதுக்கு? கழட்டி எறி."

கல்யாணப் பெண்ணாயிற்றே என்று, எலுமிச்சையை முழுப்பழமாகவே பிழிந்து அரைத்துக் கொடுத்தாள். பாசத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

நாலாம் நாள் சிவரஞ்சனியின் இரண்டு கன்னமும் கைகளும் கொப்பளித்துவிட்டன. அவளைக் கூட்டிக்கொண்டு போடிக்கு ஓடியவளும் ஈஸ்வரிதான்.

"எலுமிச்சச் சாறத் தடவிக்கிட்டு வெயில்ல நின்னா தோலு வெந்துதாம்மா போகும்" என்றார் டாக்டரம்மா. "புண்ணு ஆறிரும். கறை போக மாசக்கணக்காகும். யாரு சொன்னா இத?"

"யூடியூப்புல யாரோ" என்றாள் ஈஸ்வரி, சிவரஞ்சனி வாயைத் திறப்பதற்குள்.

டாக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒங்க மொகம் நல்லாருக்கே. நீங்க எங்க வேலை பாக்குறீங்க?"

"ஏலக்காட்டுல."

"அதான்" என்று சிரித்தார்.

மறுநாள் தோட்டத்தில் ஈஸ்வரி முதல்முறையாக அண்ணாந்து பார்த்தாள். இலைதான் தெரிந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் சேதி தேவாரத்துக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா கருப்பம்மாள் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து இறங்கினாள். கறுத்துத் திட்டுத்திட்டாகக் கிடந்த கன்னத்தைப் பார்த்தவள், கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"இது தலைமுறையா வர்ற தோல் வியாதி ஒண்ணும் இல்லையே? இருந்தா இப்பமே சொல்லிருங்க. பேச்ச இத்தோட விட்ருவோம்."

சிவரஞ்சனியின் அம்மா அழ ஆரம்பித்தாள். சிவரஞ்சனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமே போகிற நேரத்திலும் அந்தப் பெண் 'அத்தைதான் கொடுத்தது' என்று வாயைத் திறக்கவில்லை. வாசல்படியில் நின்ற ஈஸ்வரிக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"வியாதியுமில்ல, ஒண்ணுமில்ல மதினி. நான் அரைச்சுக் குடுத்த கண்றாவி இது. எனக்கு ஒரு மருந்தும் தெரியாது. நான் இருபது வருசமா நெழல்ல சோலி பாக்குறவ. அதான் என் மொகம் இப்பிடி இருக்கு. இந்தப் புள்ள என்னைய நம்பி வெயில்ல போய் நின்னுச்சு. தப்பு என்னோடது."

வீடு முழுக்க ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷத்துப் பேர் போயிற்று என்று ஈஸ்வரிக்குத் தெரிந்தது. போகட்டும் என்றும் இருந்தது. கருப்பம்மாள் டாக்டர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தாள். கல்யாணம் ஆவணியில்தான் என்றாள்.

கிளம்பும்போது ஈஸ்வரியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"அது சரி மதினி, அவளுக்குக் குடுத்தது இருக்கட்டும். ஒங்க மொகத்துக்குத் தனியா என்னமோ போடுறீங்கள்ல, அதுல எனக்குக் கொஞ்சம் குடுங்க. நான் வெளிய சொல்ல மாட்டேன்."