ஓரத்தில் உருவிய நூல்

போன செவ்வாய்க்கிழமை காலை. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் சத்தம். கதவைத் திறந்தால், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நிற்கிறார். கையில் என் பத்தி வந்த பேப்பர், நாலாக மடித்தபடி.

"இத எழுதினது நீங்கதானே சார்?"

வாசகர்கள் இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இவர் சிரிக்கவில்லை.

பெயர் ஏகாம்பரம். பட்டு நெசவாளர். என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் தறி. ஓரிக்கையில் ஒரு கல்யாண வீட்டுக்கு முகூர்த்தப் புடவை நெய்து கொடுத்திருக்கிறார். பெண்ணின் அப்பா தாமோதரன், 'அசல் பட்டா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்' என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, அந்தப் புடவையில் ஒரு நூலை உருவிக் கொளுத்தியிருக்கிறார். நூல் உருகி, குட்டி மணியாகத் திரண்டுவிட்டது. நான் எழுதியிருந்தபடி பார்த்தால் அது பட்டே இல்லை — பாலியஸ்டர்.

அதை வீடியோ எடுத்து, ஏகாம்பரத்தின் பெயரையும் போட்டு, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பிவிட்டார் மனிதர்.

"பாவு, ஊடை ரெண்டும் பட்டு சார். மிச்சம் இருந்த நூல எடுத்துக்கினு போயி அவர் எதிர்லயே கொளுத்திக் காட்டினேன். 'அது வேற நூலு, நீ கெளம்பு'ன்றாரு. நீங்க சொன்னாதான் நம்புவாராம். நாலு பேர் போன் பண்ணி, எங்க பொடவையும் இப்படித்தானான்னு கேட்டுக்கினு இருக்காங்க. கொஞ்சம் வாங்க சார்."

முகூர்த்தம் வியாழக்கிழமை.

சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டேன். ஏறிய பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

இருபது வருஷமாக அறிவியலும் கணக்கும் எழுதிப் பிழைக்கிறேன். காலேஜ் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தபோது, "எழுதி என்னத்தக் கிழிக்கப் போற?" என்று கேட்டவர்கள் உண்டு. தப்பே செய்யாதவன் இல்லை நான். ஒருமுறை ஒரு பூஜ்யம் விட்டுப்போய், நிலா பத்து மடங்கு பக்கத்தில் வந்துவிட்டது. மறுவாரம் ஒரு வரி வருத்தம் போட்டோம். நிலா கோபித்துக்கொள்ளவில்லை. கருந்துளை, பகா எண், நிகழ்தகவு... இவர்கள் யாரும் காலங்காத்தால பைக் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதில்லை. ஆனால் 'செய்து பாருங்கள்' என்று எழுதினால்? யாரோ ஒருவர் நிஜமாகவே செய்து பார்த்துவிடுகிறார்.

புடவை அசல் என்றால் நான் எழுதியது தப்பு. நான் எழுதியது சரியென்றால் ஏகாம்பரம் ஏமாற்றுக்காரர். இரண்டில் ஒருவர் பெயர் இன்றைக்குப் போகப்போகிறது.

பந்தல் போட்டிருந்த வீடு. தாமோதரன் எழுந்து வந்து என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். ஏகாம்பரத்தை உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் வீடு, நான் எப்படிச் சொல்வது? (சும்மா சாக்கு. சொல்லியிருக்கலாம்.)

"உங்க பத்திய ஒண்ணு விடாம படிப்பேன் சார். நீங்க எழுதலன்னா ஏமாந்து போயிருப்போம்" என்றார்.

பாராட்டு இப்படியும் குத்துமா?

"எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடலாங்க" என்றேன்.

புடவையைக் கொண்டுவந்த தாமோதரனின் மனைவி அதைக் கையிலிருந்து விடவில்லை. "முகூர்த்தப் பொடவைய எத்தினி வாட்டிதான் கொளுத்துவீங்க? பொண்ணு உள்ள அழுதுக்கினு இருக்குது... நான் யார்கிட்ட சொல்றது" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்.

ஏகாம்பரம் முந்தானைக் குஞ்சத்திலிருந்து, நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்றை எடுத்தார். புடவையின் மறுமுனையான உள்தலைப்பைக் கொஞ்சம் பிரித்து, குறுக்கே ஓடும் ஊடை நூலையும் ஒன்று எடுத்தார். இரண்டையும் என் கையில் வைத்தார். அவர் கை நிதானமாகத்தான் இருந்தது. தீக்குச்சியை நான் உரசினேன். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது.

மூன்றாவதில் நூல் பற்றியது. முடி பொசுங்கும் நாற்றம். சாம்பலைத் தொட்டேன்... பொடிந்தது. அடுத்த நூலும் அப்படியே. பட்டு. சுத்தமான பட்டு.

"அன்னிக்கி உருகிச்சே சார்..." தாமோதரன் போனை எடுத்து வீடியோவைக் காட்டினார். அதிலும் பொய்யில்லை. உருகத்தான் செய்தது.

"இந்த நூல எங்கேர்ந்து உருவினீங்க?"

நாலு நாளாக யாருமே கேட்காத கேள்வி. நானும் அப்போதுதான் கேட்கிறேன். அவர் புடவையின் கீழ் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். ஃபால் தைத்திருந்தது. புடவைக்கு ஏற்ற கலரில் டெய்லர் போட்ட தையல், ஒரு இடத்தில் பிரிந்து கிடந்தது.

"அது டெய்லர் நூலுங்க. நான் குடுத்தப்ப ஃபாலே தைக்கல" என்றார் ஏகாம்பரம். குரலை உயர்த்தவில்லை.

தாமோதரன் என் பக்கம் திரும்பினார். "ஓரத்துலேர்ந்து ஒரு நூல உருவுங்கன்னுதானே சார் எழுதியிருந்தீங்க?"

ஆமாம். அப்படித்தான் எழுதியிருந்தேன். ஃபால் தைத்த புடவையில் ஓரத்தில் என்ன நூல் இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. அவர் எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார்.

"தப்பு என்னுதுங்க. அவர் நெய்தது அசல் பட்டு" என்றேன், பந்தலுக்கே கேட்கும்படி. வெட்கமாக இருந்தது. தாமோதரன் அங்கேயே குரூப்பில் மன்னிப்புப் போட்டார். ஏகாம்பரத்துக்கு நாற்காலி வந்தது, காபி வந்தது. அவர் இரண்டையும் தொடவில்லை. "அந்த வீடியோ எங்கெங்க போய்க்கினு இருக்குதோ... அத யாருங்க திருப்பிக்கினு வர்றது?" என்று மட்டும் கேட்டார்.

அதனால்தான் இந்த வாரம் ஒரு வரி வருத்தத்தோடு நிறுத்தாமல் முழுப் பத்தியையும் இதற்கே எழுதுகிறேன். அந்த வீடியோ உங்களுக்கு வந்திருந்தால், அனுப்பியவருக்கு இதைத் திருப்பி அனுப்புங்கள்.

திரும்பவும் ஏகாம்பரத்தின் பைக்கில்தான் வந்தேன். என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, பைக்கை அணைக்காமலே கேட்டார்:

"கொளுத்தும்போது உங்க கை ஏன் சார் அப்பிடி நடுங்குச்சு? பயந்தா நான்தானே பயப்படணும்?"

"முகூர்த்தப் புடவையாச்சே... அதான்" என்று சமாளித்தேன்.

பொய். அந்த நூல் உருகிவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.