ஸஜ்ஜாத்தின் பொக்கற்

எங்கள் ரோட்டில் ஸஜ்ஜாத்தின் பொக்கற்றைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. திருகோணமலையில், உட்துறைமுகத்துப் பக்கம் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் இந்த மனிதர் எதையும் எவரிடமும் கொடுத்துவைக்க மாட்டார். கடைத் திறப்பு, அலுமாரித் திறப்பு, வாடிக்கையாளர் விட்டுப்போன காரின் திறப்பு எல்லாம் அவருடைய நீளக் களிசானின் பொக்கற்றில்தான் கிடக்கும். திறப்புக் கொத்துகள் கிலுங்க அவர் நடந்து வருவது கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரிந்துவிடும். அவருடைய மனைவி றிஷானா குசினியில் தீப்பெட்டியைக் காணாவிட்டால்கூட முதலில் அவருடைய பொக்கற்றைத்தான் தடவிப் பார்ப்பா என்று நான் பகிடி விடுவதுண்டு. நான் ஹிஸ்புல்லா, எதிர்ப்பக்கத்து டயர் கடைக்காரன். எனக்கு வாய் நீளம், பொறுமை கட்டை. ஸஜ்ஜாத்தை எனக்குப் பிடிக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவதைக் கேட்டு யாரும் வேறு மாதிரி நினைக்க வேண்டாம்.

அவர் காலங்காலமாக விற்றது ஸ்டாட்டர் மோட்டார், கிளச் பிளேட், சைலன்சர். எஞ்சின் சத்தத்தைப் போனில் கேட்டே எந்தச் சாமான் போய்விட்டது என்று சொல்லுவார், அநேகமாகச் சரியாகவும் இருக்கும். ஹைபிரிட் கார்கள் ஊருக்குள் வரத் தொடங்கியபோது, "இதெல்லாம் கொழும்புக்குச் சரி, எங்கட உப்புக் காத்துக்குத் தாங்காது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் கிடந்த அந்த வருசம் ஊரை மாற்றிவிட்டது. கார் வைத்திருந்தவர்கள் பலர் பழையதைத் தள்ளிவிட்டு, கொழும்பிலிருந்து பாவித்த ஹைபிரிட் வாங்கி வந்தார்கள். ஸஜ்ஜாத்தின் தட்டுகளில் ஸ்டாட்டர் மோட்டார்கள் தூசி பிடித்தன.

அந்த நேரத்தில்தான் நதீஷா ரீச்சரின் கார் கிண்ணியாப் பாலத்தில் நின்றது. ரீச்சர் போன் எடுத்து, "நானா, ஸ்டாட் பண்ணினா ஒரு சத்தமும் வருதில்ல" என்றா. "சத்தம் இல்லையெண்டா ஸ்டாட்டர்தான். அங்கயே நில்லுங்க, நான் கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, புதுச் சாமானை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பறந்தார் மனிதர். பாலத்தில் பொனட்டைத் திறந்து பார்த்தால், ஸ்டாட்டர் பூட்டுவதற்கு இடமே இல்லை. அந்த ஹைபிரிட் கார்களுக்கு அப்படி ஒரு சாமானே கிடையாது. ரீச்சர் மரியாதைக்காக, "பின்னுக்கு எங்கயும் இருக்குமோ நானா?" என்று கேட்டிருக்கிறா. கொண்டுபோன சாமானை அப்படியே திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தவரிடம் ரோட்டில் இருந்த அத்தனை பேரும் ஸ்டாட்டர் விலை கேட்டார்கள். ஆகக் கூடிய தடவை கேட்டவன் நான்.

அவர் சிரிக்கவில்லை. கடையை மூடிவிட்டுக் கொழும்புக்குப் போய், பயிற்சி வகுப்பில் பொடியன்மாரோடு பொடியனாக இருந்து படித்துவிட்டு வந்தார். வந்ததும் ஸ்டாட்டர்களைப் பின்தட்டுக்கு ஏற்றினார். முன்னுக்கு ஹைபிரிட் பற்றரிக் கலங்கள், தடித்த செம்மஞ்சள் கேபிள்கள், பற்றரிக்குக் காற்று வடிக்கும் வடிகள் வந்து குந்தின. சாமான் விற்றால் போதாது, பூட்டியும் கொடுக்க வேண்டும் என்று கடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டார். வள்ளங்களுக்கு மின்வேலை செய்துகொண்டிருந்த பற்றிக் என்பவரைக் கூட்டிவந்தார். அவர் கதை குறைந்த மனுசன். கை மட்டும்தான் வேலை செய்யும், வாய் லீவில் இருக்கும். ஸஜ்ஜாத்தை விட அவருக்கு வயது குறைவு, அண்ணன் முறைக்கு 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

இனி ஒரு பிடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹைபிரிட் காரின் பெரிய பற்றரி பின்பக்கம், டிக்கியோடு இருக்கும். அதில் கைப்பிடி போல ஒரு செம்மஞ்சள் துண்டு செருகியிருக்கும். அதை இழுத்துக் கழற்றினால் பெரிய பற்றரியின் மின்சாரம் அறுந்துவிடும். அதற்குப் பிறகுதான் கேபிள்களில் கை வைக்கலாம். வேலை நடக்கும்போது யாராவது அதைத் திரும்பச் செருகி, காரையும் ஸ்டாட் பண்ணினால், கேபிளில் கை வைத்திருப்பவனுக்கு மையத்துப் பெட்டிதான், பற்றிக்கின் ஆட்களுக்கென்றால் சவப்பெட்டி. அதனால் கழற்றியவர் அதை மேசையில் வைக்காமல் தன் பொக்கற்றில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களாம். இந்தச் சட்டத்தைக் கேட்டபோது ஸஜ்ஜாத்துக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்தக் கார் வந்தாலும் அவர்தான் வந்து கழற்றுவார். கழற்றித் தன் பொக்கற்றில் போட்டு, மேலால் ஒரு தட்டும் தட்டுவார். ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பற்றிக் கேட்டார்.

"நானா, கீழ கையை விடுறது நான். அது என்னட்ட இருந்தா என்ன?"

"கடை என்ட. பொறுப்பும் என்ட. உங்களுக்கு ஒண்டு நடந்தா சீலாவுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

சீலா பற்றிக்கின் மனைவி. பற்றிக் காருக்குக் கீழே போய்விட்டார். ஸஜ்ஜாத் என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பது போலத் தலையை ஆட்டினார். எனக்கும் அப்போது அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது.

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை அஞ்சலோ தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். வாடகைக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடுகிறவன். காருக்குக் கீழே ஓடும் செம்மஞ்சள் கேபிளை எலி கடித்து, உள்ளே செம்பு தெரிந்தது. பின்னேரம் உப்புவெளி ஹோட்டலில் வெள்ளைக்காரர் இரண்டு பேரை ஏற்றிக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விட வேண்டும் என்று காலையிலிருந்து நின்ற இடத்தில் நிற்காமல் துள்ளினான். ஸஜ்ஜாத் பிடியைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டார், தட்டினார். பற்றிக் கீழே போனார். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாக, ஸஜ்ஜாத் பின்னால் இருக்கும் வீட்டுக்குப் போய்க் குளித்து, சாரமும் வெள்ளைச் சட்டையும் உடுத்திக்கொண்டு வந்தார். இருவரும் பள்ளிக்கு நடந்தோம். அன்றைக்கு அவர் சத்தமில்லாமல் நடந்து வந்தார். அதைக் கவனித்தும் எனக்கு மூளையில் ஏறவில்லை.

குத்பாப் பிரசங்கம் தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவனிடம் 'பேசாதே' என்று சொல்வதுகூடப் பிழை. ஸஜ்ஜாத்தின் கை வழக்கம்போலத் தொடைப்பக்கம் போய் ஒரு தட்டுத் தட்டியது. அங்கே பொக்கற் இல்லாத சாரம்தான் இருந்தது. கை சட்டைப் பையைத் தடவியது, திரும்பத் தொடைக்குப் போனது. நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் இரத்தம் இல்லை. நெஞ்சுநோவோ என்று பயந்துபோனேன். அவர் எழும்பி, இருந்தவர்களின் தோள்களுக்கு மேலால் கால் வைத்து வெளியே நடந்தார். அத்தனை பேரும் முகம் சுளித்தார்கள். நானும் பின்னால் எழும்பினேன்.

வாசலில்தான் வாய் திறந்தார். "பிடி களிசானுக்குள்ள. களிசான் வீட்ட."

"வீட்ட தானே இருக்கு, என்ன இப்ப?"

"வெள்ளிக்கிழமையில றிஷானா உடுப்புத் தோய்க்கிறவ."

அவருடைய போன் கடையில். நான் என்னுடையதில் றிஷானாவுக்கு எடுத்தேன். அவ நிதானமாகச் சொன்னா: "ஓம், களிசானை ஊறப்போட்டுட்டன். பொக்கற்றில இருந்ததெல்லாம் எடுத்துத்தான் வச்சன். அந்தச் செம்மஞ்சள் சாமானோ? அஞ்சலோத் தம்பி வந்து கேட்டாரு. வேலை முடிஞ்சுதாம், அது மட்டும்தான் பூட்ட இருக்காம். பாவம், ஹயர் பிந்துது எண்டாரு. குடுத்துட்டன்."

போன் காதோடு இருக்கும்போதே ஸஜ்ஜாத் ஓடத் தொடங்கிவிட்டார். செருப்பைப் போட நேரமில்லை. மத்தியானத் தார் ரோட்டு, காலடி கொதித்தது. ஓடிக்கொண்டே பற்றிக்குக்கு எடுத்தேன்; அடித்து அடித்து ஓய்ந்தது, காருக்குக் கீழே கிடப்பவர் எப்படி எடுப்பார். அஞ்சலோவுக்கு எடுத்தேன், அவன் வேறு யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தான். ஓட்டோ ஒன்றுகூட இல்லை, எங்கள் பக்கத்து ஓட்டோக்காரர் எல்லாரும் பள்ளிக்குள். திருப்பத்தில், ஊருக்குள் திரியும் மான்கள் நிழலுக்குக் கூட்டமாக ரோட்டை மறித்துப் படுத்திருந்தன. மற்ற நாட்களில் அவற்றைச் சுற்றிப் போகும் ஸஜ்ஜாத் அன்று நடுவால் பாய்ந்தார். சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்க, "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று ஓடிய அந்த மனிதரைப் பார்த்து அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீலாவின் முகம்தான் வந்தது. அவர்களுடைய சின்னவளுக்கு அடுத்த மாதம் தேவாலயத்தில் முதல் நன்மை, வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார்கள்.

கொட்டில் கண்ணுக்குத் தெரிந்தது. டிக்கி திறந்திருந்தது. உள்ளே செம்மஞ்சள் பிடி செருகி இருந்தது. அஞ்சலோ ஓட்டும் கதிரையில் குந்திக்கொண்டு ஸ்டாட் பொத்தானை அமத்திக்கொண்டிருந்தான். காருக்குக் கீழிருந்து பற்றிக்கின் இரண்டு கால்களும் வெளியே நீண்டிருந்தன, அசைவில்லை.

பழைய காரென்றால் எஞ்சின் இரைச்சல் கேட்கும், ஓடுகிறதா இல்லையா என்று குருடனுக்கும் தெரியும். இது உயிரோடு இருந்தாலும் சத்தம் வராது, செத்திருந்தாலும் வராது. "அமத்தாத!" என்று நான் கத்தினேன். ஸஜ்ஜாத் டிக்கிக்குள் விழுந்து பிடியை இழுத்தெடுத்தார். அப்படியே தரையில் முழங்கால் குத்தி, அந்தக் கால்களை இரண்டு கையாலும் பிடித்தார்.

கால் உதைத்தது. கீழே தலை அடிபட்ட சத்தம் கேட்டது.

"ஆரது?"

பற்றிக் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார். நெற்றியில் கிறீஸ், கண்ணில் எரிச்சல். ஸஜ்ஜாத் அவருடைய முழங்காலைப் பிடித்தபடி இருந்தார், மூச்சு வாங்கியது, அழுதுகொண்டும் இருந்தார். அஞ்சலோ இறங்கி வந்து, "நான் கேட்டுத்தானே போட்டனான்" என்றான். "'அண்ணன், ரெடியா' எண்டு கேட்டன், 'ரெடி, ரெடி' எண்டவர்."

"வேலை முடியப்போகுது எண்டுதான் ரெடி எண்டனான். உன்னை ஆர் அதைப் போடச் சொன்னது?" என்றார் பற்றிக். பிறகு என்ன நடந்திருக்கிறது என்று அவருக்கு விளங்கியது. டிக்கியைப் பார்த்தார், ஸஜ்ஜாத்தின் கையில் இருந்த பிடியைப் பார்த்தார்.

"பொத்தானை அமத்தினியா?"

"எத்தினை தரம் அமத்தினன். லைற் ஒண்டும் வரேல்ல" என்றான் அஞ்சலோ.

பற்றிக் தன் சட்டைப் பொக்கற்றுக்குள் விரலை விட்டு ஒரு சின்ன நட்டை எடுத்துக் காட்டினார். காரில் பெரிய பற்றரியைத் தவிரச் சின்னப் பற்றரி ஒன்றும் உண்டு. அது இல்லாமல் பொத்தானும் வேலை செய்யாது, பெரிய பற்றரியும் மின்சாரத்தை வெளியே விடாது. பற்றிக் கீழே போகுமுன் அதன் வயரைக் கழற்றி, நட்டைத் தன் பொக்கற்றில் போட்டிருந்தார். சின்னப் பற்றரி மட்டும் பூட்டியிருந்திருந்தால், நாங்கள் வந்துசேர்ந்தது எதற்கும் உதவியிராது.

ஸஜ்ஜாத் கண்ணைத் துடைத்தார். "அல்ஹம்துலில்லாஹ். இண்டைக்கு அப்பிடிச் செய்ய உங்களுக்கு எப்பிடித் தோணினது?"

பற்றிக் பதில் சொல்லப் பிரியப்படவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இண்டைக்கு மட்டும் இல்ல நானா. முதல் காரில இருந்தே."

"ஏன்?"

"பிடி உங்கட பொக்கற்றில. உசிர் என்ட. சீலாவுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லிப்போட்டுத்தான் வாறனான், நட்டு என்னட்ட இருக்கும் எண்டு."

ஸஜ்ஜாத்தின் முகம் சிவந்தது. நான் பார்த்த எத்தனையோ கோபங்களில் அது ஒன்றாக வரப்போகிறது என்று நினைத்தேன். "அப்ப இவ்வளவு காலமும் நான் எதுக்கு அதைக் காவிக்கொண்டு திரிஞ்சனான்?" என்றார்.

"உங்களுக்கு அது சந்தோசமா இருந்தது" என்றார் பற்றிக். அதில் குத்தல் இல்லை, அதுதான் இன்னும் கூடுதலாகச் சுட்டது.

ஜும்ஆ போய்விட்டது. மத்தியான லுஹர் தொழுகையாவது தொழுவோம் என்று கடையின் பின்னறையில் பாய் விரித்தோம். ஸஜ்ஜாத் கடைசி ஸுஜூதில் நெற்றியை வைத்தவர் எழும்பவே இல்லை. நான் ஸலாம் கொடுத்து முடித்து, பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அவருக்காக நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

வெளியே வந்தபோது அஞ்சலோவின் ஹயரை வேறு ஒருவன் எடுத்துக்கொண்டு போயிருந்தான். கேபிளைக் காரோடு இறுக்கும் பட்டி ஒன்று இன்னும் பூட்ட இருந்தது. பற்றிக் திரும்பக் கீழே போக ஆயத்தமானார். ஸஜ்ஜாத் பிடியை அவரிடம் நீட்டினார்.

"இனி இது உங்களிட்ட இருக்கட்டும்."

பற்றிக் வாங்கி, தன் பொக்கற்றில், அந்த நட்டுக்குப் பக்கத்தில் போட்டார். கொஞ்சம் தயங்கினார்.

"எண்டாலும் சின்னப் பற்றரியை நான் கழற்றுவன் நானா."

"கழற்றுங்க" என்றார் ஸஜ்ஜாத்.