என் பெயருக்குப் பதில் சொன்னவள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே அறை, ஒரே வாத்தியார். ஒருநாள் அதன் கீழ்மலையில் நான் கூடையோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது, மேலே அந்த அறையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ "இருக்கேன் சார்" என்றார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாலாம் வகுப்புப் பாதியில் என்னை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் குறைந்தால் அரசாங்கம் தோட்டத்தைக் கேள்வி கேட்கும் என்று, வேலைக்குப் போனவர்களின் பெயர்களை வாத்தியார் வரவு இடாப்பிலிருந்து வெட்டவில்லை. விடிந்ததும் பெரட்டில் வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் என் பெயர் கூப்பிடப்படும், பிறகு பள்ளிக்கூடத்திலும். இரண்டு இடத்திலும் நான் வந்ததாகவே பதிவு.

அன்று கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். தோட்டப் பள்ளிக்கூடங்களை என்ன செய்வதென்று அரசாங்கம் முடிவெடுக்கும் முன், நிலைமையை நேரில் பார்த்து எழுத வந்தவர். எங்களையே ஒருநாள் வகுப்பில் உட்கார வைத்திருக்கலாம். ஆனால் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. மலையில் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளைக்கு மனம் வரவில்லை. லயத்து வரிசை வீடுகளில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பிள்ளைகளைப் பிடித்து, ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொடுத்து உட்கார வைத்துவிட்டார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற வளர்த்தி இருக்காது என்று அதிகாரிக்கு விளக்கமும் கொடுத்துவிட்டுத்தான் மலைக்கு இறங்கினாராம்.

என் பெயருக்குப் பதில் சொன்னது லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த சித்தியின் மகள். குரல் தெரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிரையில் நின்ற அம்மாவுக்கு வரவில்லை. கையிலிருந்த கொழுந்தைக் கூடையில் போட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். கணக்கப்பிள்ளை அதட்டியதைக் காதில் வாங்காமல், என் கூடையைக்கூட இறக்க விடாமல், மேலே இழுத்துப்போய்ப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினாள்.

"இப்ப பேரு கூப்பிட்டீங்களே, அந்தப் புள்ள இவதாங்க."

வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தி மகள், "பெரியம்மா, எனக்கு பிஸ்கட்டு தாரேன்னாங்க" என்று அழத் தொடங்கினாள். அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலாக என்னையும் கூடையையும் பார்த்தார்.

"எங்க பிள்ளை, உன்ர பேரை எழுது பாப்பம்."

கறை படிந்த விரல்களால் கரும்பலகையில் எழுதினேன். எல்லாரும் பார்த்த வெட்கத்தில் கடைசி எழுத்து பலகையின் விளிம்பில் போய் முட்டியது. அவர் தன் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கணக்கப்பிள்ளை அம்மாவுக்கு அரைநாள் சம்பளம்தான் என்றார்.

"போட்டுக்கங்க ஐயா. நாளைக்கு பெரட்டுல இவ பேரக் கூப்பிடாதீங்க. கூப்பிட்டா, பள்ளிக்கூடத்துல இருக்கான்னு நான் சொல்லுவேன்."

மறுநாளும் அவர் கூப்பிட்டார். அம்மா சொன்னபடியே சொன்னாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர்தான் ஓய்ந்தார்.

அதிகாரி எழுதிக்கொண்டு போனதால்தான் பள்ளிக்கூடம் எனக்குத் திரும்பக் கிடைத்தது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் எழுதியது எந்த மேசையில் கிடந்ததோ, ஐந்தாம் வகுப்புக்கு மேல் அங்கே ஒரு வகுப்பும் வரவில்லை. அன்றிலிருந்து மலையை விட்டுக் கடைசி ஆளாக இறங்கி வந்தவள் அம்மாதான். எனக்குப் பதிலாக என் கூடைக் கொழுந்தையும் அவளே பறித்துக் கணக்குக் கொடுத்தாள் என்பது தெரியாமல், ரொட்டி சுட நேரமாகிறது என்று தினமும் அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.