அக்கா சொன்ன அர்த்தம்

என் அக்காவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "நல்லதை மட்டும் எழுதும்மா" என்று அத்தான் கேட்டுக்கொண்டார். நல்லதையும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திகாம் பத்துவுக்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். அம்மா இருட்டோடு வேலைக்குப் போய்விட, எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது அக்காதான். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுக் குருணில் தொழிற்சாலை வேலைக்குப் போனார். அவர் உழைப்பில்தான் நான் ஐந்தாம் படிவம் வரை படித்தேன். திருமணமாகி, ஒரு மகளைப் பெற்று, ஷிப்ட் மாறி மாறி உழைத்து அங்கேயே சொந்த வீடும் கட்டினார். யாரிடமும் கைநீட்டியதில்லை. கோபம் மூக்குநுனியில் இருக்கும். வந்த வேகத்தில் போயும்விடும். நான் பண்டார் பாருவில் வாழ்க்கைப்பட்டு, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்துகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, மிஞ்சிய ஆட்டுக்கறியை அக்காவும் நானும் வீட்டுக்குக் கொண்டுபோகத் தாப்பாவ் கட்டிக்கொண்டிருந்தோம். நம் சொந்தக்காரப் பெண் ஒருவர் எங்கள் எதிரிலேயே கணவரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். மற்றது ஓரளவு புரிந்தது, 'அன்கூத்' என்ற சொல் மட்டும் புரியவில்லை. அவர் பெயரை எழுத மாட்டேன், இந்த மலர் அவர் கையிலும் இருக்கும். வீட்டுக்கு வந்து அக்கா போனில் தேடினார். நாகரிகம் தெரியாதவர்கள் என்று அர்த்தம் போட்டிருந்தது.

"இனிமே நமக்குப் புரியாத வார்த்தைய வச்சு நம்ம முன்னாடி எவளும் பேசக்கூடாதுடி" என்றார் அக்கா. அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான். மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

தினமும் காலையில் தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஒரு கடினமான ஆங்கிலச் சொல்லையும் அதன் தமிழ் அர்த்தத்தையும் குரல் செய்தியாக அனுப்புவார். சாயங்காலத்துக்குள் நான் அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். 'உபிக்விட்டஸ்' என்றால் எங்கும் நிறைந்திருப்பது. "கடவுளும் என் கேன்டீன் ஈயும் உபிக்விட்டஸ்" என்று அனுப்பினேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாராம். 'மெட்டிகுலஸ்' வந்த நாளில், நான் அரைக்கும் மிளகாய்ச் சம்பலில் குறை கண்டுபிடிப்பதில் என் வீட்டுக்காரர் மெட்டிகுலஸ் என்றேன். இப்படியே அவருக்கும் எனக்கும் காலையும் மாலையும் போயின. பள்ளியில் தலைமையாசிரியர் பேசுகிற ஆங்கிலத்துக்கு நான் தலையை மட்டும் ஆட்டிய காலம் முடிந்தது. அதற்கு அக்காதான் காரணம்.

அர்த்த விஷயத்தில் அக்கா கறார். ஒருமுறை ஏதோ ஒரு சொல்லுக்குத் தவறாகச் சொல்லிவிட்டு, விடிந்ததும் விடியாததுமாக, "தப்பாச் சொல்லிட்டேன், அத அழிச்சிரு" என்று அனுப்பினார். அதனால் அவர் தந்த எந்த அர்த்தத்தையும் நான் போனில் தட்டிப் பார்த்ததில்லை. கூகிள் பொய் சொன்னாலும் அக்கா சொல்ல மாட்டார் என்று நம்பினேன்.

பிறகு அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் நான் காரை நிறுத்தி, இடம் தேடி உள்ளே போவதற்குள், அக்காவும் அத்தானும் அவர்கள் மகளும் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

"டாக்டர் என்னக்கா சொன்னாரு?"

"இனிமே பேலியேட்டிவ் கேர்னு சொன்னாருடி."

"அப்டின்னா?"

அத்தான் வேறு பக்கம் பார்த்தார். அக்கா என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "நோவைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கி, ஆளக் குணமாக்குறது. புது வார்த்தை. சாயங்காலம் வாக்கியம் வேணும்."

என் அக்கா பேலியேட்டிவில் இருக்கிறார், சீக்கிரம் டான்ஸ் ஆடுவார் என்று ஆங்கிலத்தில் அனுப்பினேன். அக்கா சிரித்துப் பதில் போட்டார். தப்பாச் சொல்லிட்டேன் என்று மறுநாள் காலையில் செய்தி வரவில்லை. அதற்குப் பின் எந்தக் காலையிலும் வரவில்லை.

ஒருநாள், "ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போயேன்டி" என்று கூப்பிட்டார்.

"கேன்டீன யாருகிட்ட விட்டுட்டு வர்றது? ஸ்கூல் லீவுல வர்றேன்லா. நீ குணமானதும் ஒரு மாசமே இருக்கேன்."

"சரிடி" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

எங்கள் ஊரில் ஒரு வீட்டில் நடந்த செபக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். என் அக்காவுக்குப் பேலியேட்டிவ் சிகிச்சை கிடைத்திருக்கிறது, ஆண்டவருக்கு நன்றி, எல்லோரும் கைதட்டுங்கள் என்றேன். இரண்டு பேர் தட்டத் தொடங்கி நிறுத்திவிட்டார்கள். ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், "அர்த்தம் தெரிஞ்சுதான் சொன்னியாம்மா?" என்று கேட்டார். நான் அக்கா சொன்ன அர்த்தத்தைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா. இனிமே குணமாகாதுன்னு தெரிஞ்சப்புறம், வலி தெரியாம பாத்துக்கறது."

அன்றே குருணுக்குப் போனேன். அக்கா பாதியாகிக் கிடந்தார். "ஏன்க்கா பொய் சொன்னே?" என்று கத்தினேன். நோயாளியிடம் கத்தினேன் என்று சிலர் இன்றும் பேசுகிறார்கள், பேசட்டும்.

"உண்மையச் சொன்னா நீ அழுதுகிட்டே இருப்பே" என்றார். "வீட்டுல எல்லாரும் என்னச் செத்தவளாத்தான் பாக்குறாங்க. நீ ஒருத்திதான்டி பொழைக்கப் போறவன்னு பேசுன. அது எனக்கு வேண்டியிருந்துச்சு."

அதன்பின் அக்கா அதிக நாள் இருக்கவில்லை. பெரும்பாலும் மருந்து மயக்கத்தில் கிடந்தார். ஒருநாள் கண் திறந்து என் கையைத் தேடினார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

அவர் சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது. புரிந்தும் ஆறவில்லை. புரியாத சொல்லை நம் முன்னால் யாரும் பேசக்கூடாது என்று சபதம் போட்டவரே அதை எனக்குச் செய்தார். அத்தானும் மகளும் மற்ற உறவுகளும், நான் அந்தச் சொல்லைச் சந்தோஷமாகச் சொன்ன போதெல்லாம் தலையாட்டினீர்கள். குணமான பிறகு எங்கே போகலாம் என்றுகூட என்னோடு பேசினீர்கள்.

நன்றி சொல்லித்தான் இக்கட்டுரையை முடிக்க வேண்டும். வலி பொறுக்காத நேரமெல்லாம் வீடு தேடி வந்த தாதியருக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்கும், பெட்டி தூக்கிய தொழிற்சாலைத் தோழர்களுக்கும் நன்றி. அக்காவைக் கண்ணிமைபோலப் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும் மகளுக்கும் மனதார நன்றி. என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போன அந்த அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

உங்கள் எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் குடும்பத்தில் அடுத்து யார் படுத்தாலும், இவள் அழுவாள் என்று என்னிடம் மறைக்காதீர்கள். கூடவே உட்கார்ந்து அழுவதற்குத்தானே நான் தங்கையாகப் பிறந்தேன்.