கால்சியம் டப்பா

மணிமொழி வீட்டு அலமாரியில் இருந்த கால்சியம் டப்பாவுக்குள் இருந்தது கால்சியம் மாத்திரை இல்லை. அது அவளுக்கும், அவள் புருஷன் இளவழகனுக்கும், சுவரில் மாட்டியிருந்த முருகனுக்கும் மட்டுமே தெரியும்.

கம்மாபுரம் பக்கம் நாற்று நட்டு வளர்ந்தவள். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்து, இருபத்தொன்றாம் பிளாக்கை ஒட்டிய குடியிருப்பில் இருபது வருடம் ஓட்டிவிட்டாள். மூன்றாவது பிள்ளை வயிற்றிலேயே போன பிறகு அவளுக்குத் தூக்கம் போனது. யாரோ பின்னாலிருந்து கூப்பிடுவது போலக் காதில் கேட்கத் தொடங்கியது. கோயில் கோயிலாகப் போய்க் கயிறு கட்டினாள். கடைசியில் கடலூர் டாக்டரம்மா எழுதித் தந்த மாத்திரையில்தான் அந்தக் குரல் அடங்கியது. முருகன்தான் அந்த அம்மாவை எழுத வைத்தான் என்று மணிமொழி நம்பினாள்.

அப்போது அவள் ஒரு கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பையிலிருந்து மாத்திரை அட்டை கீழே விழுந்தது. "கத்தி புடிக்கிற எடத்துல மென்டல வச்சிக்கினு என்னா பண்றது?" என்று பேச்சு கிளம்பி, மறுநாளே வேலை போனது. இப்போது பார்ப்பது ஒரு விடுதியில் அறை பெருக்கும் கான்ட்ராக்ட் வேலை. இதுவும் போனால் குடும்பம் தாங்காது. அதனால் மாத்திரை வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் பிதுக்கி டப்பாவில் கொட்டிவிட்டு, அட்டையைக் குப்பையோடு கொளுத்திவிடுவாள்.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. அந்த வீட்டு வரிசையில் மாத்திரை என்பது கறிவேப்பிலை மாதிரி. ஒரு வீட்டில் இருந்தால் நாலு வீட்டுக்கும் சொந்தம்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே பக்கத்து வீட்டு சத்யா துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நீ வேலைக்குப் போயிருந்த. சாவி நெலப்படி மேலதான இருந்துச்சி? தெறந்து ஓம் வூட்டு கால்சியம் ரெண்டு எடுத்துக்கினேன். எங்க வூட்டுக்காரருக்கு இடுப்பு வலி. சோறு தின்னுட்டு ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக்கினு இப்பதான் ஷிஃப்டுக்குக் கெளம்புனாரு."

மணிமொழியின் கையிலிருந்து குடம் நழுவியது. அவளுக்கே பாதி மாத்திரைதான் கணக்கு. அதைப் போட்டால் சுருண்டு படுத்துவிடுவாள். சத்யா புருஷன் கண்ணையனோ சுரங்கத்தில், நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று சிந்தின கரியை வாரிப் போடுகிறவர்.

"சத்யா, அது... அது பழசும்மா. தேதி போயிடுச்சி. அவர பஸ்ஸ விட்டு எறங்கச் சொல்லி போன் பண்ணு."

"கால்சியம் பழசானா என்னாக்கா ஆயிடப் போவுது? கம்பியா, துருப்புடிக்க?" சத்யா சிரித்துக்கொண்டே துணியைப் பிழிந்தாள்.

பொய் எடுபடவில்லை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. மணிமொழி சட்டென்று திரும்பி ஓடினாள். ஷிஃப்டு பஸ் கிளம்பப் பத்து நிமிடம்கூட இல்லை. காலில் செருப்பில்லை, தார் ரோடு கொதித்தது. 'முருகா, பஸ்ஸ நிறுத்து' என்று முதலில் வேண்டினாள். கொஞ்ச தூரம் போனதும், 'முருகா, பஸ் போயிருக்கட்டும்' என்று மனசின் ஒரு மூலை வேண்டியது. பஸ் போயிருந்தால் சொல்ல வேண்டியதில்லை. அப்படி நினைத்ததற்காகத் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினாள்.

பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரம் கண்ணையன் தலை சாய்ந்திருந்தது.

"அண்ணே! எறங்குங்கண்ணே!"

கண்ணையன் கண்ணைப் பாதி திறந்தார். "என்னாம்மா தங்கச்சி... சத்யாவுக்கு ஏதாவதா?" நாக்கு குழறியது.

"ஏம்மா, மனுசன் செத்த நேரம் தூங்கட்டும். சுரங்கம் வந்தா எழுப்பிக்கிறோம்" என்றார் டிரைவர் மருதாசலம். எஞ்சினைக் கிளப்பினார்.

மணிமொழி படியில் ஏறி நின்றாள். முப்பது ஆண்கள் பார்த்தார்கள். அவள் பெருக்கும் விடுதியில் தங்கியிருப்பவர்கள் இரண்டு பேர் அதில் இருந்தார்கள்.

"அவுரு போட்டது கால்சியம் இல்லீங்க. என் மாத்திர. மனசு சரியில்லாததுக்கு நான் போடுறது. பெல்ட்டாண்ட நின்னா விழுந்துடுவாரு."

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "பைத்தியக்கார மாத்திரையா? போச்சு, கண்ணையன் நாளைக்குச் சட்டையக் கிழிச்சிக்கினு சுத்தப் போறான்!" நாலு பேர் சிரித்தார்கள். மருதாசலம் சிரிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, கண்ணையனின் அக்குளில் கை கொடுத்து ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்து, காலையில் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள்.

குழாயடியில் சத்யா முகம் கொடுக்கவில்லை. "என் தாலிய வச்சி வெளையாடிட்டா" என்று காதுபடவே சொன்னாள். அதில் பாதி நியாயம் என்று மணிமொழிக்குத் தோன்றியது. விடுதியில் யாரும் வேலைக்கு வராதே என்று சொல்லவில்லை. ஆனால் அவள் துடைப்பத்தோடு நுழைந்தால் பேச்சு நின்றது. இன்றைக்குச் சொல்வார்கள், நாளைக்குச் சொல்வார்கள் என்று எண்ணிக்கொண்டே ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணையன் வாசலில் வந்து நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று இளவழகன் எழுந்தான்.

கண்ணையன் தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, பத்து வருசமா ஷிஃப்டு மாத்தி மாத்தி எனக்குத் தூக்கமே இல்ல. அன்னைக்கித்தான் தூங்குனேன். நெஞ்சுக்குள்ள எப்பவும் ஒரு பயம் கெடக்கும், யார்கிட்டயும் சொன்னதில்ல. அதுல... ஒண்ணு குடேன்."

"தர மாட்டேண்ணே. எனக்கு எழுதுனது எனக்குத்தான். புதன்கிழம கடலூருக்கு வாங்க, டாக்டரம்மாவே பாப்பாங்க."

"யாராவது பாத்துட்டா?"

"பாப்பாங்க. மென்டலுன்னுதான் சொல்லுவாங்க." மணிமொழி வலிய ஒரு சிரிப்பு சிரித்தாள். "எம் பக்கத்து சீட்டுலயே உக்காருங்க. பாதிப் பேச்சு எனக்குப் போவட்டும்."

கண்ணையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். சத்யா தன் வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மணிமொழி அந்த வாரம் வாங்கி வந்து பிதுக்காமல் விட்ட அட்டையை, மருந்தின் பெயர் தெரிகிற மாதிரி, முருகன் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நிறுத்தத்தில் கண்ணையன் நின்றிருந்தார், துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு. அவர் கையில் சாப்பாட்டுப் பை. சத்யா கட்டிக் கொடுத்தது, இரண்டு பேருக்கு.